உலைச்சூடும் கடுங்குளிரும்: உலோகப் பதப்படுத்தல் பற்றி வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்கள், கடப்பாரையும் கொடுவாளும் எடுத்துவரும் விவசாயிகள் எனப் பலரும் வெப்பப் பதப்படுத்தும் தொழிலில் இருக்கும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அண்மைக் காலமாக “கிரையோ போட்டால் ஆயுள் கூடுமா?” என்று கேட்காதவர்கள் குறைவு. கிரையோ என்பது பொருளை அறை வெப்பநிலைக்கு வெகு கீழே கொண்டுபோகும் கடுங்குளிர்ப் பதப்படுத்தல். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் உலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரும்பைச் சூடாக்கிக் குளிர வைத்தால் அது ஏன் கடினமாகிறது?

எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கார்பனும் சேர்ந்தது. சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவிலும் அமர்ந்திருக்கின்றன. அந்த அமைப்பில் கார்பன் அணு நுழைய இடம் மிகமிகக் குறைவு. எஃகை 727 டிகிரி செல்சியசுக்கு மேல் கொண்டுபோகும்போது அணுக்கள் இடம் மாறி, மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமரத் தொடங்குகின்றன. ஆஸ்டனைட் என்று பெயர் பெற்ற இந்த அமைப்பு கார்பனைத் தாராளமாகத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். மெதுவாக ஆற விட்டால் கார்பன் வெளியேறிவிடும், எஃகு பழையபடி மென்மையாகிவிடும். ஆனால் எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று தோய்த்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. உள்ளே சிக்கிக்கொண்ட கார்பன் இரும்பின் அணு அமைப்பை இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது. இந்தக் கோணலான அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். எஃகின் கடினம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

தோய்த்தவுடன் எஃகு கண்ணாடிபோல் உடையக்கூடிய நிலையில் இருக்கும். ஆகவே அதை மறுபடியும் மிதமாகச் சூடாக்கி, கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, முறியாத திறனைப் பெற வேண்டும். இதற்குத்தான் பட்டறையில் டெம்பர் என்று சொல்கிறோம். ஹார்டனிங் (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குதல்) மட்டும் செய்து டெம்பர் செய்யாத பொருளை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கொல்லுப்பட்டறையில் கடப்பாரை நுனிக்குத் தோய்ச்சல் வைப்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். சொல்லப்போனால், இந்த வட்டாரத்துக் கருங்கல் பாறைகளை உடைக்கும் உளிக்கும் கடப்பாரைக்கும் கொல்லர்கள் வைக்கும் தோய்ச்சலைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு மேலே சொன்ன அறிவியல் எளிதாகப் புரியும். கொல்லர் நுனியை அடித்து நீட்டி, துருத்தி ஊதிய கரியில் சிவக்கக் காய்ச்சி, நுனியில் இரண்டு விரற்கடை அளவை மட்டும் தண்ணீரில் அமிழ்த்துகிறார். உடனே வெளியே எடுத்து, கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஒரு பக்கத்தைத் துலக்குகிறார். மேலே சிவப்பாக இருக்கும் பகுதியின் சூடு மெல்ல நுனியை நோக்கி இறங்கும்போது, துலக்கிய இடத்தில் வண்ணங்கள் ஓடி வருகின்றன. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அதன்பின் ஊதா, கடைசியாக நீலம். உளிக்கு வேண்டிய வண்ணம் நுனியைத் தொட்டதும் முழுவதையும் தண்ணீரில் இட்டுச் சூட்டை நிறுத்திவிடுகிறார்.

அந்த வண்ணங்கள் மேற்பரப்பில் உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிப்பைக் காட்டுகின்றன. வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 220 முதல் 230 டிகிரியையும், பழுப்பு 250 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டையும், நீலம் 290 முதல் 300 டிகிரியையும் குறிக்கும். வெப்பமானி எதுவும் இல்லாமல், ஒரே சூட்டில் ஹார்டனிங்கையும் டெம்பரையும் முடித்துவிடும் இந்த முறையை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். நுனி கடினமாகவும் தண்டு வளைந்து தாங்கக்கூடியதாகவும் ஒரே கம்பியில் அமைவது இதனால்தான். சாதாரண கார்பன் எஃகுக்கு இது போதும். குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கலந்த கருவி எஃகுகளுக்கு மட்டும் கண்ணால் பார்க்கும் வண்ணம் போதாது. அவற்றுக்குச் சூட்டை அளந்து நிறுத்தும் உலை வேண்டும்.

அப்படியானால் கடுங்குளிர்ப் பதப்படுத்தல் எதற்கு?

தோய்த்தலின் வேலையை முடித்து வைப்பதற்கு. ஆஸ்டனைட் மார்ட்டென்சைட்டாக மாறுவது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் தொடங்கி, அதைவிடத் தாழ்ந்த இன்னொரு வெப்பநிலையில்தான் முடிகிறது. கார்பன் கூடக்கூட இந்த இரண்டு எல்லைகளும் கீழே இறங்கிக்கொண்டே போகும். கார்பன் ஏறத்தாழ 0.6 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், மாற்றம் முடிய வேண்டிய எல்லை நம் அறையின் வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகிறது. அதாவது, எண்ணெய்த் தொட்டியிலிருந்து எடுத்துக் கையால் தொடக்கூடிய நிலைக்கு ஆறிவிட்ட டையின் (தகட்டை வெட்டவோ வடிவமைக்கவோ உதவும் அச்சு) உள்ளே, ஒரு பகுதி இன்னும் மாறாமல் ஆஸ்டனைட்டாகவே தங்கியிருக்கும். எச்.சி.எச்.சி.ஆர். (கார்பனும் குரோமியமும் மிகுந்த எஃகு) என்று கடைகளில் கேட்டு வாங்கும் டி2 போன்ற எஃகுகளில் இந்த மிச்சம் பத்து விழுக்காட்டுக்கு மேலும் இருக்கலாம்.

இந்த எஞ்சிய ஆஸ்டனைட் மென்மையானது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அது நிலையில்லாதது என்பதுதான். பயன்படுத்தும்போது விழும் அடியிலும் அழுத்தத்திலும், சில வேளைகளில் காலப்போக்கிலேயேகூட, அது மார்ட்டென்சைட்டாக மாறும். அப்படி மாறும் பகுதியின் கன அளவு ஏறத்தாழ 4 விழுக்காடு பெருக்கும். மைக்ரான் கணக்கில் கடைந்த கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) சில மாதங்களில் அளவு பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொருளை அறை வெப்பநிலைக்குக் கீழே, தேவையான ஆழத்துக்குக் குளிர்வித்தால் இந்த மிச்சத்தின் பெரும்பகுதி பயன்பாட்டுக்குப் போகும் முன்பே மாறி முடிந்துவிடும். அளவு நிலைத்து நிற்பதற்காகக் கேஜ்களையும் துல்லியமான பேரிங் பாகங்களையும் இப்படிக் குளிர்விக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது.

இன்னொரு பயனும் சொல்லப்படுகிறது. மைனஸ் 196 டிகிரியில் நெடுநேரம் வைத்து எடுத்து டெம்பர் செய்த கருவி எஃகில் மிக நுண்ணிய கார்பைடு (உலோகமும் கார்பனும் சேர்ந்த கடினமான சேர்மம்) துகள்கள் பரவலாக உருவாகி, தேய்மானத்தை எதிர்க்கின்றன என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியுள்ளனர். ஆனால் எந்த எஃகுக்கு எவ்வளவு பயன் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு வேறுபடுகிறது. எனவே எஞ்சிய ஆஸ்டனைட்டைக் குறைப்பதை உறுதியான பயனாகவும், நுண் கார்பைடைக் கூடுதலாகக் கிடைத்தால் நல்லது என்ற கணக்கிலும் வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன்.

மைனஸ் 80 டிகிரி போதுமா, மைனஸ் 196 வேண்டுமா? வீட்டு ஃப்ரீசரில் வைக்கலாமா?

உலர்பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரியில் இருக்கும். எஞ்சிய ஆஸ்டனைட்டை மாற்றுவதில் பெரும்பங்கு வேலை அந்தக் குளிரிலேயே முடிந்துவிடுகிறது. அளவு நிலைப்பு மட்டும் தேவை என்றால் அது போதும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிப்பது. தேய்மானத்துக்காகச் செய்பவர்கள் அந்த ஆழத்தில் ஒரு நாளுக்குக் குறையாமல் வைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி இந்த வேலைக்குப் பயன்படாது.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

உலையில் காய்ச்சுதல், தோய்த்தல், கடுங்குளிர், டெம்பர். இந்த வரிசையைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. வேறோர் இடத்தில் ஹார்டனிங்கும் டெம்பரும் முடித்து, சாணையும் பிடித்து, சில வாரம் ஓட்டிவிட்டு, அதன்பிறகு கிரையோ போட்டுத் தரும்படி கொண்டுவருகிறார்கள். தோய்த்த பொருளை அறை வெப்பநிலையில் நேரம் கடத்தினால் எஞ்சிய ஆஸ்டனைட் உறுதிப்பட்டுவிடும். டெம்பர் செய்துவிட்டால் இன்னும் பிடிவாதமாகிவிடும். பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் அதில் ஒரு பகுதி மாறுவதில்லை. ஆகவே, தோய்த்த பொருள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கூடுமானவரை அந்த மணி நேரத்துக்குள்ளேயே குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும்.

அதே வேளையில், தோய்த்த நிலையில் இருக்கும் பொருள் உள்ளழுத்தம் நிறைந்தது. கூர்மையான மூலைகளும் திடீரென்று தடிப்பு மாறும் இடங்களும் உள்ள டைகளைக் குளிர்வித்தால் விரிசல் விழக்கூடும். அப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் முதலில் 150 டிகிரி அளவில் ஒரு சிறு டெம்பர் கொடுத்துவிட்டுக் குளிர்விப்பது உண்டு. அதனால் பயனில் கொஞ்சம் குறையும், ஆனால் பொருள் பிழைக்கும். குளிர்விப்பதையும் மீண்டும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவருவதையும் நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்ற மெதுவான கதியில் செய்ய வேண்டும்.

கடைசியில் வரும் டெம்பரை விடவே கூடாது. குளிரில் புதிதாகப் பிறந்த மார்ட்டென்சைட், தோய்த்தவுடன் இருந்ததைப் போலவே உடையும் தன்மை கொண்டது. நான் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஆயுத பூசைக்கு முந்தின மாலை ஒரு டி2 பஞ்சை, அதாவது தகட்டில் துளையிடும் குத்துக்கருவியைத் தோய்த்து எடுத்து, பூசைக்காக உலையை அணைத்துவிட்டு, டெம்பரை விடுமுறை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது ஒரு மூலையிலிருந்து நடுப்பகுதிவரை மயிரிழைபோல் பிளந்திருந்தது. யாரும் அதைத் தொடக்கூட இல்லை. அன்றிலிருந்து, டெம்பர் செய்ய நேரமில்லாத மாலையில் எதையும் தோய்ப்பதில்லை.

எந்தெந்த எஃகுக்குப் பயன் உண்டு?

டி2, டி3, ஈ.என். 31, ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் தோய்க்கும் கருவி எஃகு), கத்திகளுக்கான 440சி வகைத் துருப்பிடிக்காத எஃகு ஆகிய கார்பன் மிகுந்தவற்றுக்குப் பயன் உண்டு. எம்2 போன்ற ஹைஸ்பீடு எஃகை 550 டிகிரி அளவில் இரண்டு மூன்று முறை டெம்பர் செய்வதால், எஞ்சிய ஆஸ்டனைட்டின் பெரும்பகுதி அந்தச் சூட்டிலேயே மாறிவிடுகிறது. அங்கே கடுங்குளிரின் கூடுதல் பயன் நுண் கார்பைடைப் பொறுத்தது.

லேத் பட்டறைகளில் தண்டுகளுக்குப் பெரிதும் பயன்படும் ஈ.என். 8 எஃகில் கார்பன் 0.4 விழுக்காடுதான். அதில் மாற்றம் அறை வெப்பநிலைக்கு வரும் முன்பே முடிந்துவிடுவதால் கிரையோவுக்குச் செலவிடுவது வீண். எம்.எஸ். (கார்பன் குறைந்த மென் எஃகு) கம்பி, கோணம், தகடு எல்லாம் அப்படித்தான். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு தோய்த்தலால் கடினமாகும் வகையே அல்ல.

மேற்பரப்பில் மட்டும் கார்பன் ஏற்றிய கியர்களில் நிலைமை சற்று நுட்பமானது. மேல்தோலில் கார்பன் அதிகம் என்பதால் அங்கே ஆஸ்டனைட் தங்கும். அதைக் குளிரால் குறைக்கலாம். ஆனால் பல்லும் பல்லும் உராயும் இடத்தில் கொஞ்சம் ஆஸ்டனைட் இருப்பது அழுத்தத்தை ஏற்றுக்கொள்ள உதவும் என்ற கருத்தும் வலுவானது. எனவே கியரை வடிவமைத்தவர் கேட்டிருந்தால் மட்டும் செய்வது நல்லது.

தோல் தொழிற்சாலைக் கத்திகளுக்கு இதைச் செய்யலாமா?

கத்திக்குக் கத்தி விடை மாறும். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சதையை நீக்கும் ஃபிளெஷிங் இயந்திரத்திலும், தோலின் தடிப்பைச் சீவிச் சமன் செய்யும் ஷேவிங் இயந்திரத்திலும், உருளையைச் சுற்றித் திருகுபோல் கத்திகள் பதிக்கப்பட்டிருக்கும். அந்தக் கத்திகளைப் பள்ளத்தில் வைத்து அடித்து இறுக்க வேண்டியிருப்பதால் அவை ஓரளவு வளைந்து கொடுக்க வேண்டும். கண்ணாடிபோல் கடினமாக்கினால் பொருத்தும்போதே முறியும். தோலைக் குறுக்காகப் பிளக்கும் ஸ்பிளிட்டிங் இயந்திரத்தின் வார்க்கத்தி இரண்டு சக்கரங்களின்மேல் ஓயாமல் வளைந்து நிமிர்ந்து ஓடுவது. அதற்கு வேண்டியது களைப்பைத் தாங்கும் திறன். இந்த மூன்றையும் தயாரித்தவர் கொடுத்த பதத்திலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோல் ஷாப்பில் கத்தி மழுங்குவதற்கு உராய்வு மட்டும் காரணம் அல்ல; பச்சைத் தோலோடு வரும் உப்பும் ஈரமும் விளிம்பை அரிக்கின்றன. கடுங்குளிர் எஃகைத் துருவிலிருந்து காக்காது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவதால் கிடைக்கும் ஆயுள், பல இடங்களில் கிரையோவால் கிடைப்பதைவிட அதிகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளின் கட்டிங் டைக்கு?

பட்டை எஃகை வளைத்துச் செய்யும் கட்டிங் டைக்குத் தேவையில்லை. அதன் உடல் வளைக்கும் அளவுக்கு மென்மையாகவும் விளிம்பு மட்டும் கடினமாகவும் இருக்கும்படியே அந்தப் பட்டை வருகிறது. உலோகக் கொக்கி, கண்ணி போன்றவற்றை வெட்டும் பஞ்சும் டையும் டி2-வில் செய்தவை என்றால் அவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம்; இந்த வட்டாரத்தில் கடுங்குளிரின் பயன் கண்கூடாகத் தெரியும் வேலை இதுதான்.

வெல்டிங் செய்த பெரிய சட்டங்கள் கடைந்த பிறகு கோணிக்கொள்கின்றன. கிரையோ உதவுமா?

உதவாது. ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை மின்நிலைத் தூசு வடிகட்டிகளையும் பெரிய விசிறிகளையும் செய்வதால், இந்தப் பக்கத்தில் வெல்டிங் வேலை கற்றவர்கள் ஏராளம். இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. வெல்டிங் ஆறும்போது சுருங்கி உள்ளே இழுவிசையைத் தேக்கிவைக்கிறது. கடையும்போது ஒரு பக்கம் உலோகம் குறைந்ததும் அந்த இழுவிசை சமநிலை இழந்து சட்டத்தை வளைக்கிறது. சட்டத்தைக் கடைவதற்கு முன் 600 முதல் 650 டிகிரிக்குச் சீராகக் கொண்டுபோய், 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வைத்து, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட வேண்டும்.

அலுமினியம், பித்தளை, பிரேக் டிஸ்க்?

அலுமினியக் கலவைகளில் மார்ட்டென்சைட் மாற்றம் இல்லை. 6061 போன்றவற்றை 530 டிகிரி அளவில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, பிறகு 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் முதிர வைப்பதால்தான் வலிமை வருகிறது. இந்த முதிர்வைக் கண்டறிந்தவர் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வில்ம், 1906-இல். பித்தளைக்கும் செம்புக்கும் கடுங்குளிர் தருவது குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை. வார்ப்பிரும்புப் பிரேக் டிஸ்க்குக்குச் சிலர் செய்கிறார்கள். பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் அளவுக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை.

குளிரில் இரும்பு நொறுங்கும் என்கிறார்களே, இது பொருளைக் கெடுத்துவிடாதா?

சாதாரண எஃகு கடுங்குளிரில் இருக்கும்போது அடித்தால் நொறுங்கும் என்பது உண்மை. அது குளிர்ந்த நிலையில் மட்டும் இருக்கும் குணம். அறை வெப்பநிலைக்குத் திரும்பியதும் நீங்கிவிடும். பெட்டிக்குள் பொருளை யாரும் அடிப்பதில்லை.

பதப்படுத்தியதை எப்படிச் சோதிப்பது?

கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் ஒன்று அல்லது இரண்டு புள்ளி கூடலாம், சில வேளைகளில் ஒன்றுமே கூடாமலும் இருக்கலாம். ஆகவே கடினமானியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. எஞ்சிய ஆஸ்டனைட்டின் அளவை எக்ஸ்-கதிர் விளிம்புவளைவுச் சோதனை காட்டும். பட்டறைக்காரருக்கு நான் சொல்லும் வழி வேறு: ஒரே கம்பியிலிருந்து வெட்டிய நான்கு பஞ்சுகளை ஒரே உலையில் ஒன்றாகத் தோய்த்து, இரண்டுக்கு மட்டும் கடுங்குளிர் கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக டெம்பர் செய்து, ஒரே பிரஸ்ஸில் ஓட்டி, சாணைக்குச் சாணை எத்தனை துண்டுகள் வெட்டின என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் தகட்டில், உங்கள் பிரஸ்ஸில் அந்த நோட்டு காட்டும் கணக்கே சரியான விடை.

சாணை பிடித்தால் பயன் போய்விடுமா?

போகாது, இது மேல்பூச்சு அல்ல, பொருள் முழுவதும் ஊடுருவிய மாற்றம். ஆனால் தண்ணீர் விடாமல் அழுத்திச் சாணை பிடித்து விளிம்பை நீலமாக்கினால், கிரையோ மட்டுமல்ல, ஹார்டனிங்கே அந்த இடத்தில் போய்விடும்.

கால்நடை மருத்துவமனையில் இருப்பது போன்ற நைட்ரஜன் குடுவையை வாங்கி நாங்களே முக்கி எடுக்கலாமா?

செய்யாதீர்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட விந்துக் குச்சிகளை வைத்திருக்கும் அந்தக் குடுவையைப் பலரும் பார்த்திருப்பதால் இது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் தோய்த்த டையைத் திரவத்தில் நேராக முக்கினால் வெளிப்புறம் ஒரு நொடியில் சுருங்கி, உட்புறம் சூடாக இருக்கும்போதே வெடிப்பு விழும். சரியான பெட்டியில் நைட்ரஜன் ஆவியாகச் செலுத்தப்பட்டு, குளிரும் கதி கட்டுப்படுத்தப்படுகிறது.

அதைவிட முக்கியம் உயிர். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகப் பெருகும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு ஷட்டர் போட்ட சிறு அறையில் ஆக்சிஜனை விலக்கிவிடும். மூச்சுத் திணறுவது தெரியும் முன்பே ஆள் மயங்கி விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க ஓடிய இரண்டாமவரும் அங்கேயே விழுவார். குடுவையின் வாயை இறுக அடைத்தாலோ அழுத்தம் ஏறி வெடிக்கும். காற்றோட்டமும் ஆக்சிஜன் அளவுமானியும் தளர்வான தோல் கையுறையும் முகக் கவசமும் இல்லாத இடத்துக்குள் திரவ நைட்ரஜன் நுழையவே கூடாது.

கோடையில் தோய்த்தால் கடினம் சரியாக வருவதில்லையே, ஏன்?

அக்னி நட்சத்திர நாட்களில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் கையைச் சுடும் அளவுக்கு இருக்கும். சூடான எஃகைச் சுற்றி முதலில் நீராவிப் படலம் ஒன்று உருவாகிறது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு நேரம் அந்தப் படலம் கலையாமல் நின்று குளிர்ச்சியைத் தடுக்கும். விளைவாக இங்கொன்றும் அங்கொன்றுமாக மென்மையான திட்டுகள் விழும். தண்ணீரில் தோய்க்கும் வேலைகளை விடியற்காலைக்கு மாற்றுங்கள், அல்லது நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு உப்புக் கரைத்துப் படலத்தை விரைவில் உடையச் செய்யுங்கள். அதன்பின் உப்பைக் கழுவிவிட வேண்டும். எண்ணெயின் கதை வேறு: அது 40 முதல் 60 டிகிரி வரை சூடாக இருக்கும்போதுதான் இளகி நன்றாகக் குளிர்விக்கும்.

வேலை கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

எஃகின் வகை, அது செய்யப்போகும் வேலை, வேண்டிய ராக்வெல் எண், சாணைக்காக விட்டிருக்கும் அளவு, இதற்கு முன் உலையில் வைத்ததுண்டா என்பது. வகை தெரியாவிட்டால் அதே கம்பியில் வெட்டிய ஒரு துண்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். முதலில் அதைத் தோய்த்துப் பார்த்துவிட்டு உங்கள் டையைத் தொடுவோம்.